ஆரு விளை இது?

தூத்துக்குடி
2 ஏப்ரல் 1947

மதினிக்கு,

நான் சண்முகத்தாய். ஆறுமுகநயினார் மகள். போன ஆவணியில் நீங்களும் அத்தையும் மலேயாவிலிருந்து கப்பலில் வந்து எங்கள் வாசலில் நின்றீர்களே, அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றவள். அந்தச் செம்பை வெளியே கொண்டுவர எனக்குக் கால் வரவில்லை. "பன்னெண்டு வருசம் கழிஞ்சு போச்சு. இனி சட்டப்படி விளை எனக்குத்தான். கேக்கணும்னா கோர்ட்டுல போய்க் கேளுங்க" என்று அப்பா உங்களிடம் சொன்னதை முழுக்கக் கேட்டேன். நீங்கள் போன பிறகு தண்ணீரை முருங்கை மூட்டில் கொட்டினேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் அப்பா, என் தாய்மாமா, மலேயாவுக்குப் போகும்போது சாயர்புரம் பக்கத்துப் பனைவிளையை என் அப்பா கையில் விட்டுப் போனார் அல்லவா. அந்த விளையில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை, போகும்போது நீங்கள் சின்னப் பிள்ளை. பங்குனியில் பாளை சீவ முதல் மரம் ஏறுகிற அன்றைக்கு, பனையேறி மாசானம் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, சுடலைமாடன் பீடத்தைப் பார்த்து நின்று, "ஆரு விளை இது?" என்று சத்தமாகக் கேட்பார். கீழே நிற்கிறவர்கள் விளைக்காரர் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஏறுவார். மரத்திலிருந்து விழுந்துபோனால் அந்தப் பேருக்குரியவர்தான் அவர் வீட்டுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். அதற்காகத்தான் சாமி முன்னால் வைத்துக் கேட்பது.

அப்பா தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடையைப் பார்த்துக்கொள்வார். பனைக்காலத்தில் அம்மாவும் நானும்தான் விளையில் தங்கிப் பதனீர் காய்ச்சுவோம். அதனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பதிலை நான்தான் சொல்லி வந்தேன். "வன்னியபெருமாள் விளை" என்று உங்கள் அப்பா பேரைச் சொல்வேன். வேறு எங்கேயும் நான் சத்தமாகப் பேசியது கிடையாது. யுத்தத்தில் நீங்களெல்லாம் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாத வருஷங்களிலும் மாமா பேரைத்தான் சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்றபோதும் அப்படித்தான். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

இந்தப் பங்குனியில் அப்பா வக்கீல் குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஏளா, இந்தத் தடவ எம் பேரச் சொல்லணும் கேட்டியா" என்றார். மாசானம் கேட்டார். நான் அப்பா பேரைச் சொன்னேன். "தாயி, காத்துல கேக்கல. ஆரு விளை?" என்று மறுபடியும் கேட்டார். அன்றைக்குக் காற்றே இல்லை. நான் மறுபடியும் அப்பா பேரைத்தான் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டயபுரத்துப் பேச்சிமுத்துக்கு என்னைப் பேசியிருக்கிறார்கள். கேஸ் முடிந்ததும் விளையை எனக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. எனக்காகத்தான் அப்பா இதைச் செய்கிறார். அதனால் தப்பை அவர் பக்கம் தள்ளிவிட்டு என்னால் இருக்க முடியவில்லை.

பதில் எழுதுவதானால் பின்தெரு அந்தோணியம்மாள் பேருக்குப் போடுங்கள். அவள் வீட்டுக்காரர் கொழும்புத் தோணியில் போகிறவர். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். எழுதாவிட்டாலும் சரிதான்.

சண்முகத்தாய்


ஸ்ரீவைகுண்டம்
11 ஏப்ரல் 1947

சண்முகத்தாய்க்கு,

செம்புத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றியதில் சந்தோஷம். முருங்கையாவது நன்றாக இருக்கட்டும்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அம்மா இடுப்பில் ஒரு சாவி தொங்குவதை நீ கதவிடுக்கில் பார்த்திருக்கலாம். விளையில் இருக்கிற வீட்டின் சாவி. கிள்ளானில் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் இருந்தபோதும், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரப்பர் காட்டுக்குள் ஓடியபோதும், அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோதும் அது அந்த இடுப்பில்தான் கிடந்தது. அப்பா திரும்பவில்லை. கூடப் போன ஒருவர் வந்து, காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார். எங்களுக்கு அவ்வளவுதான் சாவுச் செய்தி. போன ஆவணியில் உங்கள் வாசலிலிருந்து நேரே விளைக்குப் போனோம். அம்மா சாவியைப் போட்டுப் பார்த்தாள். கதவும் புதிது, பூட்டும் புதிது. கொஞ்ச நேரம் அந்தச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டு துருப்பிடிச்சிருக்கும்" என்றாள். புதுப் பூட்டு பளபளவென்று இருந்தது.

இப்போது என் தாய்மாமா வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். அவருக்கும் ஐந்து பெண்கள். எங்களைப் போகச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கும்போது அத்தை அரிசியைப் பார்க்கிற பார்வை போதும். அந்த விளை இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை.

சாயர்புரத்து எஸ்றா வக்கீல்தான் எங்களுக்காக நடத்துகிறார். இன்னொருவர் நிலத்தை ஒருவர் பன்னிரண்டு வருஷம் வெளிப்படையாக, தனக்கே சொந்தம் என்று அனுபவித்துவிட்டால், உடையவருக்குக் கேட்கிற பாத்தியமே போய்விடும் என்று காலாவதிச் சட்டம் சொல்கிறதாம். எதிரிடை அனுபோகம் என்று அதற்குப் பேர். போன வருஷப் பங்குனியோடு பன்னிரண்டு முடிந்தது, நாங்கள் வந்தது ஆவணியில் என்று உன் அப்பா பதில் மனுவில் எழுதியிருக்கிறார். கப்பல் கிடைக்காமல் பினாங்கில் ஷெட்டில் கிடந்த மாதங்களும் அவர் கணக்கில் வரவு.

பட்டாளத்துக்குப் போனவனுக்கு அந்த வருஷங்களைக் கழித்துக் கணக்குப் பார்க்கச் சட்டம் இருக்கிறதாம். துப்பாக்கி பிடித்தவனுக்கு உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவனுக்கு இல்லை. மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த பல குடும்பங்களுக்கு இதே கதிதான். எல்லாரும் சேர்ந்து, யுத்தத்தில் மாட்டிக்கொண்ட காலத்தைக் கழிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மனுப் போடுகிறோம். கையெழுத்து வாங்க வருகிற வாரம் தூத்துக்குடி பீச் ரோட்டுக்கு வருவேன். உனக்கு அவ்வளவு வருத்தம் என்றால் நீயும் வந்து போடு. இழந்தவர்கள் கையெழுத்து நிறைய இருக்கிறது. வைத்திருக்கிறவர் வீட்டுக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

அருணாசலவடிவு


தூத்துக்குடி
3 மே 1947

மதினிக்கு,

நான் வந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிக்கு இந்தப் பக்கம் அந்தோணியம்மாளோடு நின்றேன். நீங்கள் மேசைக்குப் பின்னால் நின்று கூட்டத்துக்குச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தீர்கள். சங்கு குளிக்கிற ஒரு பெரியவர், "ஏம்மா, கடலுக்கும் இந்தச் சட்டம் உண்டுமா? நான் முப்பது வருசமா அனுபவிக்கேன், எம் பேருக்கு எழுதச் சொல்லேன்" என்றார். "கடலு எதிர் கேஸ் போட்டா உம்ம கதி என்னாவும் அண்ணாச்சி" என்று நீங்கள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தோணியம்மாள் என் முதுகில் கை வைத்து, "போளா, போய்ப் போடு" என்றாள். என்னால் முடியவில்லை. எங்கள் கடை வேலையாள் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். அவர் வராவிட்டாலும் போயிருக்க மாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அப்பாவைப் பற்றி நீங்கள் அறியாதது கொஞ்சம் இருக்கிறது. கிணறு வற்றிய வருஷம் அவரே இறங்கிப் பாறை உடைத்து ஆழப்படுத்தினார். கல் தெறித்து அவர் இடது கை விரல் ஒன்று இன்றைக்கும் மடங்காது. கீழ்ப்பக்கம் நிற்கிற வடலிப் பனைகளெல்லாம் அவர் போட்ட விதை. யுத்தம் வருகிறவரைக்கும் வருஷா வருஷம் முதல் காய்ச்சுக் கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் கட்டி மலேயாவுக்கு அனுப்பினார். "மச்சானுக்கு இந்த ருசி அங்கன கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டேதான் கட்டுவார். விளை நம்முடையது என்று அப்போதெல்லாம் அவர் சொல்லிக் கேட்டதில்லை. போன வருஷம் ஒரு வக்கீல் கடைக்குக் கருப்பட்டி வாங்க வந்த இடத்தில், "பன்னெண்டு வருசம் ஆயிட்டுல்லா, இனி ஒம்ம விளைதான் ஓய்" என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் எல்லாம். அந்த மனுஷர் வேறு கடைக்குப் போயிருந்தால் அப்பா அப்பாவாகவே இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு, ஆசை இல்லாதவரிடம் யார் சொன்னாலும் ஏறாதே என்றும் நினைப்பேன்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. "வாயத் தொறக்காத பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு" என்று நிறுத்திவிட்டார்கள். அதனால் சட்டம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மாசானம் வருஷா வருஷம் யார் விளை என்று கேட்கிறார். பன்னிரண்டு வருஷத்தையும் எண்ணிக்கொண்டிருந்த சட்டம் ஒரு வருஷமாவது கேட்டிருக்கக் கூடாதா? வைத்திருக்கிறவர் உடையவரிடம், இது இனி என்னுடையது என்று சொல்லியாக வேண்டும் என்றாவது இருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் மாமா எப்படியாவது வந்திருப்பார். சொல்ல வேண்டும் என்றிருந்தால் அப்பாவும் எடுத்திருக்க மாட்டார். அவருக்கு மாமா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வராது.

கையெழுத்துப் போடாதவள் இதையெல்லாம் சொல்லக் கூடாது. தெரியும்.

சண்முகத்தாய்


ஸ்ரீவைகுண்டம்
7 செப்டம்பர் 1947

சண்முகத்தாய்க்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. என் முதல் கடிதத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. உன் அப்பா விரலைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்த கருப்பட்டி நினைவிருக்கிறது. அப்பா அதை உடைத்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டு கொடுப்பார்.

நீ எழுதிய வரியை எஸ்றா வக்கீலுக்குப் படித்துக் காட்டினேன். "இத எழுதுன பிள்ள எத்தனாம் வகுப்பு?" என்றார். ஐந்து என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் காகிதத்தை எடுத்தார். இப்போது மனுவில் இரண்டு கோரிக்கை. ஒன்று, யுத்த காலத்தைக் கழிக்க வேண்டும். இரண்டாவது உன்னுடையது: நிலத்தை வைத்திருக்கிறவர் உடையவருக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காத காலம் கணக்கில் சேராது. அந்தச் சங்கு குளிக்கிற பெரியவர்கூடக் கைநாட்டு வைத்தார். கொடி மாறியிருக்கிறது, கேட்கிற காதும் மாறியிருக்கும் என்று நம்பி டில்லிக்கும் சென்னைக்கும் அனுப்பியிருக்கிறோம்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் நினைத்தேன்.

மாசானம் கேட்கிற வழக்கத்தையும் வக்கீலிடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "வருஷா வருஷம் ஊரறிய, இது வன்னியபெருமாள் விளைன்னு சொல்லிக்கிட்டே அனுபவிச்சா, அது எப்படி எதிரிடை ஆகும்? இத நிரூபிச்சாப் போதும். புதுச் சட்டமே வேண்டாம், இருக்கிற சட்டத்துலயே உங்க பக்கம் தீர்ப்பாகும்" என்றார். நானும் அவரும் மாசானத்தைத் தேடிப் போனோம். உன் அப்பா அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வக்கீல் எவ்வளவோ பேசிப் பார்த்தார். "மரத்து மூட்டுல சாமி முன்னால கேட்டது. அதைக் கோர்ட்டுல கொண்டுபோய் அவுக்க மாட்டேன். வேணும்னா பதில் சொன்னவங்ககிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு மரம் ஏற உதவும் முருக்குத் தடியைச் சீவ உட்கார்ந்துவிட்டார்.

பதில் சொன்னவள் நீ.

உன் அப்பாவுக்கு எதிராக உன்னைக் கூண்டில் ஏற்றுவது பாவம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன். நீ சொல்வாயா?

வடிவு


தூத்துக்குடி
1 அக்டோபர் 1947

மதினிக்கு,

என்னால் முடியாது. என்னிடம் கேட்காதீர்கள்.

அப்பா எனக்குக் கல்யாணச் சேலை கொழும்பிலிருந்து தோணியில் வரவழைத்திருக்கிறார். அந்தோணியம்மாள் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்தார். அப்பா அதைப் பிரித்து என் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "எம் பிள்ளைக்குப் பேசத்தான் தெரியாது. மத்தபடி ராணிதான்" என்றார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அம்மா அன்றைக்கு அடுப்படியில் வைத்து, "எங்க அண்ணன் இருந்தாலும் ஒனக்கு ஏதாவது தந்திருப்பான்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

நான் முதல் கடிதத்தை எழுதாமலே இருந்திருக்கலாம். அதை எழுதி என் பாரத்தை உங்கள் தலையில் இறக்கிவிட்டு, இப்போது தூக்கிவிடக் கை கொடுக்க மாட்டேன் என்கிறேன்.

சண்முகத்தாய்


ஸ்ரீவைகுண்டம்
12 ஜனவரி 1948

சண்முகத்தாய்க்கு,

நீ சொல்ல வேண்டாம். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. தங்கள் மனு கிடைத்தது என்று ஒரு வரி அச்சடித்த அட்டை. எஸ்றா வக்கீல் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். "சட்டம் நடந்துதான் வரும், பஸ்ல வராது" என்கிறார். நாங்கள் உயிரோடு இருக்கும்போது வந்து சேருமா என்று கேட்டேன். அவர் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார்.

நான் உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. யுத்தம் எங்கள் வாயை அடைத்துவிட்டது என்று மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் நான். பீச் ரோட்டில் அதைத்தான் தொண்டை கிழியச் சொன்னேன். உண்மை அதில் பாதிதான். யுத்தத்துக்கு முன்னால் பல வருஷம் தபால் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கருப்பட்டி வந்துகொண்டுதான் இருந்தது. அப்பா ஒரு பதில்கூடப் போடவில்லை. அவர் போட்ட திட்டமெல்லாம் கெட்டுப்போயிருந்தது. கடை வைக்கப் போனவர் கூலிக்குப் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். "ஊருக்கு என்னத்த எழுத? மச்சான் பாத்துக்கிடுவாரு. நம்ம பேரச் சொல்லிக்கிட்டு விளை கிடக்கட்டும்" என்பார். எழுதச் சொல்லி அம்மா அழுவாள். எனக்கு நன்றாக எழுத வரும், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியவள். நானாவது எழுதியிருக்கலாம். அப்பாவின் வெட்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. யுத்த காலத்தைக் கழித்தாலும் மீதி வருஷங்களில் பேசாமல் இருந்தது நாங்கள்தான். இதை நான் எந்த மனுவிலும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. அம்மாவுக்கு வீடு வேண்டும்.

ஆக, உன்னிடம் உண்மையைச் சொல் என்று கேட்கிற யோக்கியதை எனக்குக் குறைவு. உன் அப்பா வாங்கிய சேலையை உடுத்திக்கொண்டு நீ நன்றாக இரு. இது எனக்கு மனசார வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பங்குனியில் கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனர் விளையைப் பார்வையிட வருகிறாராம். யார் கிணறு வெட்டியது, யார் மரம் வைத்தது என்று குறித்துக்கொண்டு போவார். மரம் ஏறுகிற நாளாகப் பார்த்து உன் அப்பாவின் வக்கீல்தான் தேதி கேட்டு வாங்கியிருக்கிறார். உன் அப்பாதான் விளையை ஆண்டு அனுபவிக்கிறார் என்று கண்ணால் காட்டுவதற்கு. நானும் அம்மாவும் வரமாட்டோம். அந்தக் கதவை அம்மா இன்னொரு தடவை பார்க்க வேண்டாம்.

வடிவு


தூத்துக்குடி
5 ஏப்ரல் 1948

மதினிக்கு,

எஸ்றா வக்கீல் நடந்ததை உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் பார்க்காததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு விளையில் நல்ல கூட்டம். கமிஷனர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கத்து வக்கீல்களும், எட்டயபுரத்திலிருந்து பேச்சிமுத்தின் அப்பாவும் வந்திருந்தார்கள். விளையைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். கமிஷனர் கிணற்றை எட்டிப் பார்த்தார், வடலிகளை எண்ணினார், வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் அப்பா செய்தது. அப்பா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். அவர் காட்டியதில் பொய் ஒன்றும் இல்லை.

மாசானத்துக்குப் பதிலாகப் பிச்சையா என்று ஒருவரை அப்பா ஏற்பாடு செய்திருந்தார். வேறு ஊர்க்காரர். அவர்கள் பக்கத்தில் இந்த வழக்கம் கிடையாது. அதற்காகவே பார்த்துக் கூட்டி வந்தது. அவர் அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டினார், தளைநாரை மாட்டினார், பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மரத்தைக் கட்டிப் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நான் பல நாளாக நினைத்து நினைத்து உடம்பு இளைத்துப்போயிருந்தேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிச்சையா இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பார். விழுந்தால் இவர் வீட்டுக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்று நினைத்தேன். அதோடு வாய் திறந்துகொண்டது.

"வன்னியபெருமாள் விளை" என்றேன்.

வழக்கமாகச் சொல்கிற சத்தத்தில்தான் சொன்னேன். பிச்சையா மரத்திலேயே நின்றுவிட்டார். கமிஷனர் குடையைச் சாய்த்துப் பார்த்தார். "யாரம்மா உன்னைக் கேட்டது?" என்றார். "யாரும் கேக்கல. மாசானம் இருந்தா கேட்டிருப்பாரு" என்றேன். பிறகு வருஷா வருஷம் நடக்கிறதைச் சொன்னேன். போன வருஷம் மட்டும் வேறு பேர் சொன்னதையும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. எஸ்றா வக்கீல் என் பக்கம் பார்க்கவே இல்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் வக்கீல் இருமினார். "சின்னப் பிள்ள, கூட்டத்தக் கண்டு பயந்து ஒளறுது சார். பள்ளிக்கூடம்கூடப் போகாதது" என்றார். கமிஷனர் அப்பாவைப் பார்த்து, "பிள்ளை சொல்றது நிஜமா அண்ணாச்சி? இதை நான் எழுதணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

அப்பா இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். பீடத்தைப் பார்த்தார், அந்த மடங்காத விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "எழுதிக்கிடுங்க. எம் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது" என்றார்.

போன பங்குனியில் அவர் சொல்லச் சொல்லி அதே மரத்தடியில் நான் சொன்னதை அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பேச்சிமுத்தின் அப்பா சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டார். அடுத்த வாரம் ஆள் வந்து, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சேலை பெட்டியில் இருக்கிறது. அப்பா கடைக்குப் போகிறார், வருகிறார், அம்மா போடுவதைச் சாப்பிடுகிறார். என்னோடு பேசுவதில்லை. கோபம் என்றால் திட்டலாமே. திட்டுவதும் இல்லை. நேற்று நான் வெந்நீர் கொண்டுபோய் வைத்தபோது, அந்நியர் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல் காலை ஒதுக்கிக்கொண்டார். உங்களுக்குச் செய்ததைத் திருத்தினால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். உங்கள் பக்கத்துப் பாரம் இறங்கியது. அதே எடையில் ஒன்று இந்தப் பக்கம் ஏறிவிட்டது. விளையை உங்களுக்கே விட்டுக்கொடுத்துக் கேஸை ராஜியாக முடித்துக்கொள்ள அப்பா சம்மதித்துவிட்டார் என்று வக்கீல் குமாஸ்தா வந்து அம்மாவிடம் சொன்னபோது, அப்பா உள்ளே கருப்பட்டிச் சிப்பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துவிட்டு மறுபடியும் கலைத்து அடுக்கினார்.

நீங்கள் மனுவைப் பற்றி எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் அப்போது சின்னப் பெண். எழுத வெட்கப்பட்டது எனக்குப் புரிகிறது. என்னைவிட நன்றாக யாருக்குப் புரியும்.

இந்தக் கடிதத்தோடு அந்தோணியம்மாள் ஒரு ஓலைக் கொட்டான் கொண்டுவருவாள். அதில் கருப்பட்டிக்கு அடியில் ஒரு சாவி இருக்கும். அம்மா இன்று காலையில் அதை அப்பாவின் ஆணியிலிருந்து எடுத்துத் தன் கையாலேயே கொட்டானில் வைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா, "ஒங்க அத்த முத்துக்கனி மதினிட்ட குடுக்கச் சொல்லு. பூட்டு துருப்பிடிக்கலன்னு சொல்லு" என்றாள். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு நான் எப்போது படித்துக் காட்டினேன் என்று கேட்காதீர்கள்.

பிச்சையா போய்விட்டார். இந்த வருஷம் இன்னும் ஒரு மரமும் சீவவில்லை. மாசானத்திடம் சொல்லியனுப்புங்கள், வருவார். மரத்தடியில் நின்று கேட்பார். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், சத்தமாகச் சொல்லுங்கள். நன்றாகக் கேட்டாலும், என்னைக் கேட்ட மாதிரி உங்களையும் அவர் இரண்டாம் தடவை கேட்பார். அப்போதும் அதையே சொல்லுங்கள்.

சண்முகத்தாய்